360 பிக்சலுக்குள் தமிழ்: ஒரு நூலக வாசகர் வட்டத் தளத்தின் பக்க அமைப்பு

ஆங்கிலத்துக்கென்று வரைந்த டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டால் முதலில் உடைவது தலைப்பு. அடுத்தது பட்டன். அதற்கடுத்து நூல் பட்டியலின் கட்டங்கள் திரைக்கு வெளியே நீண்டு, பக்கம் முழுவதும் இடவலமாக ஆடத் தொடங்கும். வண்ணத்தையும் படத்தையும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அமைப்பின் அளவுகளையே தமிழ்ச் சொல்லின் நீளத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறிய நூலக வாசகர் வட்டத்தின் தளம். பக்க வகைகள் நான்குதான்: நிகழ்ச்சி அறிவிப்பு, நூல் பட்டியல், கட்டுரை, உறுப்பினர் படிவம். வருகிறவர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டுக் கைபேசியில் திறப்பவர்கள். ஆகவே 360 பிக்சல் அகலத் திரைக்கு முதலில் வரைந்து, அங்கிருந்து கணினித் திரைக்கு விரித்திருக்கிறோம். வேர்ட்பிரஸ் ஆனாலும் கையால் எழுதிய எச்டிஎம்எல் ஆனாலும் கீழே வரும் அளவுகள் மாறாது.

வரைவதற்கு முன் சேகரிக்க வேண்டியது

டெம்ப்ளேட்டோடு வரும் 'லோரம் இப்சம்' நிரப்புச் சொற்களை முதல் வேலையாக அழித்துவிட வேண்டும். அவை குட்டைச் சொற்கள். எந்தப் பெட்டியிலும் அழகாக உட்கார்ந்து நம்மை ஏமாற்றும். அவற்றுக்குப் பதில் உண்மையான உள்ளடக்கத்திலிருந்து மிக நீளமானவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும்: பட்டியலிலேயே நீளமான நூல் தலைப்பு, நீளமான ஆசிரியர் பெயர், நீளமான பட்டன் சொல், ஒரே சொல்லாக நீளும் தலைப்பு. 'பல்கலைக்கழகங்களுக்கிடையேயான கவிதைப் போட்டி' என்றொரு தலைப்பு வந்தால் அதன் முதல் சொல்லில் மட்டும் 17 எழுத்துகள். 360 பிக்சல் திரையில் இருபுறமும் 16 பிக்சல் ஓரம் விட்டால் மிஞ்சுவது 328. தடித்த 28 பிக்சல் எழுத்தில் அந்தச் சொல் இதற்குள் அடங்காது. ஆங்கில டெம்ப்ளேட்டுகளின் தலைப்பு அளவு 32, 40 என்றுதான் தொடங்குகிறது.

தலைப்புக்கு வைத்த அளவு: சிஎஸ்எஸ் என்னும் பக்கத் தோற்ற மொழியின் கிளாம்ப் சார்பில் குறைந்தது 1.5 ரெம் (ஒரு ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு, வழக்கமாக 16 பிக்சல்), நடுவில் 1.1 ரெம்மும் திரை அகலத்தின் 1.8 விழுக்காடும் சேர்ந்தது, அதிகம் 2.25 ரெம். 360 திரையில் இது 24 பிக்சல், 1024 திரையில் 36 பிக்சல். நடு அளவைத் திரை அகலத்தில் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. அப்படிக் கொடுத்தால் வாசகர் பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கும்போது தலைப்பு மட்டும் அசையாமல் நிற்கும். ரெம் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து வளரும்.

24 பிக்சலிலும் அடங்காத சொல் இருக்கும். அந்த இடத்தில் 'டபிள்யூபிஆர்' என்னும் எச்டிஎம்எல் குறியைச் சொல்லின் இயல்பான மூட்டில் வைக்கலாம்: 'பல்கலைக்கழகங்களுக்' என்று ஒரு வரியும் 'கிடையேயான' என்று அடுத்த வரியும். இடம் போதாதபோது மட்டும் அங்கே உடையும், இணைப்புக்கோடு வராது. தமிழ் அச்சில் வரி மடிக்கும்போது கோடு போடும் பழக்கம் அநேகமாக இல்லை என்பதால் இதுதான் கண்ணுக்குப் பழகியது. அகலமற்ற இடைவெளி எழுத்தைச் சொல்லுக்குள் செருகியும் இதே விளைவைப் பெறலாம். ஆனால் யாராவது அந்தத் தலைப்பை நகலெடுத்துத் தேடினால் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தும் கூடவே போகும், தேடல் பொய்த்துவிடும்.

மற்ற எல்லாச் சொற்களுக்கும் காப்பாக 'ஓவர்ஃப்ளோ-ராப்' பண்புக்கு 'எனிவேர்' என்ற மதிப்பு. 'வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்' வேண்டவே வேண்டாம். அது தேவையில்லாத இடத்திலும் சொல்லை வெட்டி, வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். 'க்' என்று தொடங்கும் ஒரு வரியைப் பார்த்த கண், அதற்கு மேல் பொருளைப் பற்றி யோசிக்காது.

வரி உயரமும் எழுத்துருவும்

ஆங்கில எழுத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்குப் போதாது. மேலே கீ, மீ போன்றவற்றின் சுழி, புள்ளி. கீழே ழு, ரூ, து போன்றவற்றின் வால். டெம்ப்ளேட்டின் தலைப்பு 1.1 வரி உயரத்தில் இருந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் மோதிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, கட்டுரை உடலுக்கு 18 பிக்சல் எழுத்தில் 1.7 என்று வைத்தால் மூச்சு கிடைக்கிறது. அலகு போடாமல் வெறும் எண்ணாகவே கொடுக்க வேண்டும். பிக்சலில் கொடுத்தால் உள்ளே வரும் பெரிய எழுத்துக்கும் அதே உயரம் இறங்கி வந்து நெரிக்கும்.

வரி அகலத்துக்குப் பலரும் 'சிஎச்' அலகில் 65 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அலகு, எழுத்துருவில் உள்ள பூச்சியத்தின் அகலத்தை அளப்பது. தமிழ் எழுத்து அதைவிட அகலமானது, ண, ணை, னை எல்லாம் இன்னும் அகலம். எனவே 65 என்பது தமிழில் 65 எழுத்தைத் தராது. எம் அலகில் (ஒரு எம் என்பது அந்த இடத்து எழுத்தின் அளவு) 36 என்று வைத்தால் கணினித் திரையில் வரிக்கு ஏழு சொல் போல வரும். கைபேசியில் மூன்று, நான்கு சொல்தான். இந்தக் குறுகிய வரியில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். நாளிதழ் பத்தி அப்படி இருக்கிறதே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அங்கே பக்கம் அமைப்பவர் ஒவ்வொரு வரியையும் பார்த்துச் சொல்லை மடித்திருப்பார். பிரவுசர் அந்த வேலையைச் செய்வதில்லை. இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும்.

ஆங்கில டெம்ப்ளேட்டின் அலங்காரங்களில் மூன்றைக் கழற்ற வேண்டும். ஆங்கிலத்தைப் பெரிய எழுத்தாக்கும் (கேப்பிடல்) பண்பு தமிழில் ஒன்றுமே செய்யாது; பிரிவுத் தலைப்பைப் பெரிய எழுத்தால் மட்டும் வேறுபடுத்திய டெம்ப்ளேட்டில் தமிழ்த் தலைப்பு வெறும் வரியாகக் கரைந்துவிடும். அங்கே கனத்தையோ அளவையோ கூட்ட வேண்டும். சாய்வெழுத்து தமிழ் எழுத்துருக்களில் அநேகமாக இல்லை, பிரவுசர் தானே சாய்த்துக் கோணலாக்கும். மூன்றாவது, தலைப்பின் எழுத்துகளை நெருக்கும் எதிர்ம இடைவெளி. ஆங்கிலத்தில் அது மிடுக்கு, தமிழில் ணவும் னவும் ஒட்டிக்கொள்ளும். பூச்சியமாக்கிவிடலாம்.

எழுத்துருத் தேர்வில் எங்கள் முடிவு சிக்கனமானது. உடலுக்குச் சாதனத்தில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துரு போதும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என். எல்லாமே படிக்கத் தகுந்தவை. தலைப்புக்கு மட்டும் ஒரு வலை எழுத்துரு: ஹிந்த் மதுரை அல்லது முக்த மலர், ஒரே ஒரு கனம், வலைக்கெனச் சுருக்கிய வோஃப்2 கோப்பு வடிவில். எந்தக் கனத்தை இறக்கினோமோ அதையே சிஎஸ்எஸ்ஸிலும் கேட்க வேண்டும். சாதாரணக் கனமான 400 கோப்பை இறக்கிவிட்டுத் தடித்த 700 கேட்டால் பிரவுசர் கோட்டைத் தானே தடிப்பாக்கும். ண, ஞ ஆகியவற்றின் உள்வளைவுகள் அடைபடும்.

கோப்பைச் சிறிதாக்க எழுத்துருவை வெட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் எழுத்தெண்களை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்துருவுக்குள் இருக்கும் வடிவ மாற்று அட்டவணையை வெட்டிவிட்டால் கு, மூ, டு போன்றவை தங்கள் சேர்ந்த வடிவை இழந்து தனித்தனியாகச் சிதறும். வெட்டும் கருவியில் எல்லா அமைப்பு அம்சங்களையும் வைத்திரு என்று சொல்லும் தேர்வு இருக்கும், அதைக் கொடுக்க வேண்டும். ரூபாய்க் குறியையும் சேர்த்துக்கொள்ளலாம். அது தமிழ்த் தொகுதிக்கு வெளியே இருப்பதால் மறந்துபோய், சந்தாத் தொகையில் மட்டும் வேறு எழுத்துரு எட்டிப் பார்க்கும்.

வண்ணத்தில் ஒரு எண் போதும். வெள்ளைப் பின்னணியில் #777777 சாம்பல், உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்துவதற்கான அணுகல்தன்மை நெறிகள் கேட்கும் 4.5:1 ஒளி வேறுபாட்டைத் தொடாமல் 4.48-இல் நின்றுவிடும். டெம்ப்ளேட்டுகளில் தேதிக்கும் ஆசிரியர் பெயருக்கும் இதைத்தான் போட்டிருப்பார்கள். #595959 வைத்தால் 7:1 கிடைக்கும். மெல்லிய கோடுள்ள தமிழ் எழுத்துருக்கள் வெயிலில் தெரிய இந்தக் கருமை வேண்டும். இணைப்பின் அடிக்கோட்டை 0.3 எம் கீழே இறக்கிவிட்டால் கு, ழு ஆகியவற்றின் வாலோடு மோதாது.

கட்டம் ஏன் திரையைத் தாண்டுகிறது

இடவலமாகப் பக்கம் ஆடுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் ஒன்றே. சிஎஸ்எஸ் கிரிட் என்னும் கட்ட அமைப்பில் ஒரு நிரலுக்கு '1எஃப்ஆர்' (மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதினால், அந்த நிரல் தன் உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. ஆங்கிலத்தில் அது தெரியவே தெரியாது, தமிழில் ஒரு சொல் வந்ததும் கட்டம் வீங்கும். 'மின்மேக்ஸ்' சார்பில் குறைந்தது 0, அதிகம் 1எஃப்ஆர் என்று மாற்றினால் நிற்கும். உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் பெட்டியானால் உள்ளே இருக்கும் உறுப்புக்கு 'மின்-விட்த்' (குறைந்தபட்ச அகலம்) 0. முன்பு சொன்ன ஓவர்ஃப்ளோ-ராப்பில் 'பிரேக்-வேர்ட்' எழுதாமல் 'எனிவேர்' எழுதச் சொன்னதும் இதற்குத்தான். பிரேக்-வேர்ட் சொல்லை உடைக்கும், ஆனால் பெட்டியின் குறைந்தபட்ச அகலக் கணக்கில் அந்த உடைப்பைச் சேர்க்காது. எனிவேர் சேர்க்கும்.

பலர் பக்கத்தின் உடலுக்கே 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்' போட்டு ஆட்டத்தை மறைக்கிறார்கள். ஆட்டம் நிற்கும், வெளியே நீண்ட எழுத்தும் யாருக்கும் தெரியாமல் வெட்டுப்படும். மேலே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய மெனுவும் சில அமைப்புகளில் ஒட்டாமல் போகும். காரணத்தைத் தேட, பிரவுசருக்குள் இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் எல்லா உறுப்புகளுக்கும் தற்காலிகமாகச் சிவப்பு வெளிக்கோடு போட்டுப் பார்த்தால் எந்தப் பெட்டி நீள்கிறது என்று உடனே தெரியும்.

பட்டன்களுக்கு அகலமும் உயரமும் எழுதவே கூடாது. 'லாகின்' இருந்த 96 பிக்சல் பெட்டியில் 'உறுப்பினராகப் பதிவு செய்க' எப்படி உட்காரும்? மேல்கீழ் 12, இடவலம் 20 பிக்சல் உள்ளோரம், குறைந்தபட்ச உயரம் 48. வரி இரண்டாக மடிந்தாலும் பட்டன் பட்டனாகவே இருக்கும். அணுகல்தன்மை நெறிகளின் 2.2 பதிப்பு கேட்பது 24 பிக்சல்தான். கட்டைவிரலுக்கு 48 நல்லது. மெனுவில் ஐந்து சொல்லுக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றும் ஒற்றைச் சொல்: நிகழ்ச்சிகள், நூல்கள், கட்டுரைகள், சேர, தொடர்பு. மூன்று கோட்டுச் சின்னம் வைத்தால் பக்கத்தில் 'மெனு' என்று எழுதிவிட வேண்டும். வயதான வாசகர்களுக்கு அந்தக் கோடுகள் வெறும் அலங்காரம்.

நூல் பட்டியல்

நூல்களைக் கைபேசியில் இரண்டு நிரலாக அடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அட்டைப்படங்கள் அழகாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஆசை போய்விடும். 328-இல் நடு இடைவெளி 12 போக, பாதி 158. உள்ளோரம் இருபுறமும் 12 போக, எழுத்துக்கு 134. 16 பிக்சல் எழுத்தில் பத்தெழுத்துச் சொல் ஒன்று வந்தாலே நெரிசல். அதனால் வரிசை வடிவம்: இடப்பக்கம் 72-க்கு 108 பிக்சலில் அட்டை, வலப்பக்கம் 244 பிக்சலில் தலைப்பு, ஆசிரியர், 'உள்ளது' அல்லது 'வெளியே சென்றுள்ளது'. அந்த நிலையைப் பச்சை, சிவப்புப் புள்ளியால் மட்டும் காட்டாமல் சொல்லாகவும் எழுத வேண்டும்; நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்குப் புள்ளி பயன்படாது. திரை அகலமானால் 18 ரெம்முக்கு ஒரு நிரல் என்று தானாக நிரம்பட்டும். அட்டைப் படத்தின் அகல உயரத்தை எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிட்டால், படம் தாமதமாக வந்தாலும் பட்டியல் குதிக்காது. இந்தக் குதிப்பைக் கூகுள் தன் தர அளவீட்டில் 0.1-க்குள் எதிர்பார்க்கிறது.

நீளமான தலைப்பை இரண்டு வரியோடு நிறுத்தி மூன்று புள்ளி வைக்கும் 'லைன்-கிளாம்ப்' பண்பு இங்கே கடிக்கும். அது வெளியே நீள்வதை மறைப்பதால், வரி உயரம் இறுக்கமாக இருந்தால் கடைசி வரியின் ழு, ரூ வால்கள் சீவப்படும். வரி உயரத்தை 1.5-க்குக் கூட்டி, கீழே 0.15 எம் உள்ளோரமும் கொடுத்தால் தப்பிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 40 எழுத்து என்று எண்ணி வெட்டுவது இதைவிட மோசம். 'கொ' கணினிக்கு ஓர் எழுத்தல்ல, மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு. நடுவில் வெட்டினால் 'கொடி' என்பதன் தொடக்கம் 'க' ஆகிவிடும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டின் 'இன்டல்' தொகுதியில் உள்ள 'செக்மென்டர்' கொண்டு எழுத்துக் கூட்டமாக எண்ண வேண்டும். அப்போதும் க்ஷ, ஸ்ரீ இரண்டும் பாதியில் பிரியக்கூடும், அவற்றுக்குத் தனிச் சோதனை தேவை.

அகர வரிசையில்தான் நூலகர்களின் கோபம் வெடிக்கும். யுனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, பிறகுதான் வ. நெடுங்கணக்கு அப்படி இல்லை. ய ர ல வ ழ ள ற ன என்று போகும். சாதாரண 'சார்ட்' கட்டளை எண்ணைத்தான் பார்க்கும். அதே இன்டல் தொகுதியின் 'கொலேட்டர்' வசதியில் மொழியைத் தமிழ் என்று குறித்து அடுக்கினால் நெடுங்கணக்கு வரிசை வரும்.

தேடலுக்கும் இதே போன்ற மறைகுழி உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ெ, ா என்று இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் என்எஃப்சி என்னும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யுனிகோடு வடிவுக்கு இயல்பாக்க வேண்டும். ஔகாரத்துக்கு அது போதாது. 'ஒ' எழுதிப் பக்கத்தில் 'ள' எழுத்தைப் போட்டு ஔவையாரைத் தட்டச்சு செய்த பதிவுகள் பழைய பட்டியல்களில் நிறைய இருக்கும். அவற்றைத் தனியாகத் தேடி மாற்றுவது ஒன்றே வழி. யுனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட எக்செல் பட்டியல் கிடைத்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றி, கொ, கோ, கௌ வரும் சொற்களை மட்டுமாவது கண்ணால் சரிபார்த்த பிறகே உள்ளே ஏற்ற வேண்டும். தமிழ் விசைப்பலகை இல்லாமல் ஆங்கில எழுத்தில் தலைப்பைத் தட்டுவோருக்காகப் பட்டியலில் ஒலிபெயர்ப்பு நிரல் ஒன்றும் சேர்த்திருக்கிறது. திரையில் அது தெரியாது, தேடலுக்கு மட்டும்.

நிகழ்ச்சி அறிவிப்பு

இங்கே எதிரி அழைப்பிதழ்ப் படம். அச்சுக்குத் தயாரித்த ஏ4 கோப்பு 2480 பிக்சல் அகலம். அதில் 12 புள்ளி (பாயின்ட்) எழுத்து 50 பிக்சல் உயரம் இருக்கும். 328-க்குச் சுருங்கும்போது அது 6.6 பிக்சல், யாராலும் படிக்க முடியாது. எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். ஆகவே முதலில் நாள், நேரம், இடம், பேசுபவர் ஆகிய நான்கும் எழுத்தாக, அவற்றுக்குக் கீழே அழைப்பிதழ். முகப்பில் நகரும் படத்தொடர் வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். வைக்காமல், அடுத்து வரும் ஒரே ஒரு நிகழ்ச்சியை முழுதாகக் காட்டுவது மேல். நகரும் தொடரில் இரண்டாவது படத்துக்கு வருவதற்குள் வாசகர் கீழே தள்ளிப் போய்விடுவார்.

பக்க முகவரியில் தமிழ் வேண்டாம் என்பது சிலருக்கு வருத்தம் தரும். ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரிந்து, அரைப் பக்கத்துக்கு நீண்ட முகவரி வரலாம். எண்ணோ குறுகிய ஆங்கிலச் சொல்லோ போதும். எச்டிஎம்எல்லின் மொழிப் பண்பில் தமிழைக் குறிப்பது மட்டும் தவறக் கூடாது. திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று அதை வைத்துத்தான் முடிவுசெய்யும்.

படிவம்

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவம் தமிழருக்குத் தொல்லை. தலைப்பெழுத்தை எங்கே போடுவது? 'பெயர்' என்று ஒரே கட்டம், முடிந்தது. கட்டத்தின் பெயர் மேலே எழுத்தாக நிற்க வேண்டும். கட்டத்துக்குள் மங்கலாக எழுதியது தட்டத் தொடங்கியதும் மறையும். உள்ளிடும் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐஃபோனின் சஃபாரி, கட்டத்தைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். கைபேசி எண்ணுக்கு 'டெல்' (தொலைபேசி) வகைக் கட்டம். 'நம்பர்' வகை போட்டால் முன்னால் வரும் பூச்சியம் தொலையக்கூடும், கணினியில் மேல்கீழ் அம்புக்குறிகள் முளைக்கும். இடைவெளி விட்டும் +91 சேர்த்தும் எழுதுவார்கள், வாங்கிக்கொண்டு சுத்தம் செய்வது தளத்தின் மென்பொருளின் வேலை. பிழைச் செய்தியைப் பிரவுசரிடம் விட்டால் அது பிரவுசரின் மொழியில் வரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். கட்டத்துக்கு அடியில் நாமே எழுதலாம்: 'அஞ்சல் குறியீடு 6 இலக்கம் இருக்க வேண்டும்'.

சோதனை

360-இல் பார்த்து, 320-இலும் பார்த்து, பிறகு ஆண்ட்ராய்டு அமைப்புகளில் எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனையில்தான் மேலே ஒட்டி நிற்கும் பட்டை திரையின் பாதியை விழுங்குவது தெரியவரும். அந்தப் பட்டைக்கு உயரம் எழுதாமல், சிறிய திரையில் ஒட்டுவதையே நிறுத்திவிடலாம். கணினியில் 200 விழுக்காடு பெரிதாக்கியும் பார்க்க வேண்டும். பிறகு ஐந்து வாசகர்களிடம் கைபேசியைக் கொடுத்து மூன்று வேலை சொல்வது: அடுத்த கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு? இன்ன நூல் இருக்கிறதா? உறுப்பினராகச் சேருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும், அதுதான் கடினம். ஐவரில் இருவர் ஒரே இடத்தில் நின்றால் அங்கே அமைப்பு தவறு. வழிகாட்டும் வாசகம் சேர்ப்பதைவிட அந்த இடத்தையே மாற்றுவது நல்லது.

கடைசியாக அச்சு. நூலகத்தில் அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது, நிகழ்ச்சிப் பக்கத்தை அப்படியே அச்சிட்டு ஒட்டுவார்கள். அச்சுக்கென்று தனி சிஎஸ்எஸ் பகுதியில் மெனு, பகிர்வுப் பட்டன், அடிப்பகுதி ஆகியவற்றை மறைத்து, தலைப்பு 28 புள்ளி, நாளும் இடமும் 20 புள்ளி, பின்னணி நிறம் இல்லாமல் கறுப்பெழுத்து என்று வைத்தால் ஏ4 தாள் ஒன்றில் முடிந்துவிடுகிறது.